உப்புக் காற்றில் ஒரு ரைபிள்

2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 ரைபிள்கள், ஐயாயிரத்துக்கும் மேல் தோட்டாக்கள். கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க வைத்திருப்பவை என்றார்கள் கப்பலில் இருந்தவர்கள். இந்தியக் கடல் எல்லைக்குள் அவற்றை வைத்திருக்க அனுமதி எங்கே என்று கேட்டது வழக்கு. 2016 ஜனவரியில் கப்பலில் இருந்த 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

குறிபார்த்துச் சுடும் ஆசையில் ரைபிள் தேடுபவர் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொண்டு, துப்பாக்கிக்கு முன் காகிதத்தைத் தேட வேண்டும்.

வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்த 7.62 மி.மீ. ரைபிள்கள் அமெரிக்காவில் உபரிச் சரக்காக விலைபோயின. அங்கே கடையில் கிடைத்த ரைபிளை இங்கே சாமானியர் வாங்க முடியாது; .303, 7.62 இரண்டும் தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள். “பட்டாளத்துப் பழைய துப்பாக்கி, மலிவு” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். அதற்குச் சட்டப்படியான நெருங்கிய உறவு, அந்த ராணுவ ரைபிள்களின் அதே லீ-என்ஃபீல்டு பொறியமைப்பில் இஷாப்பூர் செய்யும் .315. ஆனால் இலக்குச் சுடுதலுக்கு .22 தான் உகந்தது: தோளில் உதை குறைவு, 50 மீட்டர் போட்டிக்கும் அதே அளவுதான்.

அதற்கும் முன்னால் ஏர் ரைபிள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறங்கியதும் அதே பிரிவில். ஒரு வருடமாவது இதில் பழகாமல் அடுத்த படிக்குப் போவது பண விரயம். பறவை மீது மட்டும் இதைத் திருப்பக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஏர் ரைபிளுக்கும் பொருந்தும்.

அடுத்தது லைசென்ஸ். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வந்த பிறகே முடிவு. சுடுதல் சங்கத்தில் சேர்ந்து, போட்டியில் கலந்துகொண்ட சான்றுகளையும் இணைத்தால் நோக்கம் தெளிவாகும். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும்.

செலவு குறைக்க விரும்புபவர், லைசென்ஸ் உள்ள இன்னொருவரின் பழைய ரைபிளையோ டீலரிடம் விற்பனைக்கு நிற்பதையோ பார்க்கலாம். கைமாறுவது அதிகாரிகளுக்குத் தெரிவித்தே நடக்க வேண்டும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின் போல்ட்டைக் கழற்றி, மறுமுனையில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் குழலுக்குள் பார்க்க வேண்டும். சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டை உலோகத்தோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

உப்பளங்களும் கடலும் சூழ்ந்த தூத்துக்குடியில் துருதான் பெரிய எதிரி. இரும்புக் கதவையே ஓரிரு வருடத்தில் அரிக்கும் காற்று, எண்ணெய் காணாத குழலை விட்டுவைக்காது. சுட்ட அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். துணி உறையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எடுத்துப் போக மட்டும் அவை போதும். வீட்டில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பதே சரி. தோட்டாவுக்கு வேறு பூட்டு.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். ஒப்படைத்த இடத்தில் எத்தனை வாரம் கிடக்குமோ, அதனால் எண்ணெய் பூசியே கொடுக்க வேண்டும். ரசீதில் ரைபிளின் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு, திரும்ப வாங்கியதும் முதல் வேலையாகக் குழலுக்குள் வெளிச்சம் பிடிக்க வேண்டும்.