வெயிலை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

ராமநாதபுரம் பக்கம் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாடு குறையட்டும் என்றுதான் கடல்நீரைக் குடிநீராக்கும் சூரிய ஆர்.ஓ. நிலையம் போட வருகிறீர்கள், தம்பிகளும் தங்கச்சிகளும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பேசுவது பேனலைப் பற்றி. பேனல் இருபது வருஷம் தன்பாட்டுக்குக் கிடக்கும். உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்கு முன்னால் தண்ணீரைச் சுத்தம் செய்யாததும் ஊரில் கணக்கு எழுதாததும்தான் நிலையத்தை மூட வைக்கும்.

1. கடலைத் தொடுமுன் ஊரைச் சுற்றி வாருங்கள். ஊருணி தூர்ந்து கிடக்கிறதா, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது, உப்புக் கிணறு எத்தனை? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கிணற்றில் 4 கிராம்தான் என்றால் கரண்டுச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அதை அளவாக இறையுங்கள். பேராசைப்பட்டால் கடல் கிணற்றுக்குள் ஏறிவிடும்.

2. கணக்கைக் கையால் போடுங்கள். கடல்நீர் தானாகக் காட்டும் எதிர்ப்பு சுமார் 27 பார். அதைத் தாண்டித் தள்ள 55 முதல் 65 பார் வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவி இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் போதும். இல்லாத சின்ன நிலையத்தில் 8, 10 கூட ஆகும். 500 பேர் உள்ள ஊருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளைக்கு 10,000 லிட்டர். நம் கரையில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தரும். ஆக, கருவி இருந்தால் 10 கிலோவாட், இல்லாவிட்டால் 20, 25. அந்தக் கருவியின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் கமிட்டிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

3. உப்புநீரைக் கண்ணாடிப் பெட்டியில் வெயிலால் ஆவியாக்கிப் பிடிப்பதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். சிலியின் லாஸ் சலினாஸில் 1872-இல் சார்லஸ் வில்சன் என்பவர் போட்டது நாற்பது வருஷம் போல ஓடியது. குஜராத்தில் பாவ்நகர் பக்கத்து அவானியா கிராமத்திலும் 1978-இல் ஒன்று வந்தது. ஆனால் சதுர மீட்டருக்கு நாளைக்கு 3 முதல் 5 லிட்டர்தான் கிடைக்கும். நம் 10,000 லிட்டருக்கு அரை ஏக்கருக்கு மேல் கண்ணாடி பரப்ப வேண்டும். தனியாக நிற்கும் இரண்டு மூன்று வீட்டுக்குச் சரி. ஊருக்கு ஆகாது.

4. குழாயை நேராகக் கடலில் போடாதீர்கள். கரையோர மணலில் கிணறு இறக்குங்கள். பாசி, சொறிமீன், சேறு எல்லாவற்றையும் மணலே வடிகட்டித் தரும், சம்பளம் கேட்காமல்.

5. சாயங்காலக் கழுவல். இதை மட்டும் மறந்தாலும் மற்றதெல்லாம் வீண். பெரிய நிலையங்கள் இரவும் பகலும் ஓடும். உங்களுடையது தினமும் சூரியனோடு அடங்கும். அப்படியே நிறுத்தினால் செறிவான உப்புநீர் இரவு முழுக்க மெம்பிரேனுக்குள் தேங்கும். உப்புப் படியும், கிருமி பெருகி வழவழப்பு ஏறும். ஆகவே நல்ல தண்ணீரில் ஒரு பங்கை மேல்தொட்டியில் ஒதுக்கி வையுங்கள். நிறுத்தியதும் அதைக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே விட்டு, கழிவுக் குழாயின் வாயில் ஒரு டம்ளர் பிடித்து உப்பளவு காட்டும் மீட்டரை முக்கிப் பாருங்கள். முதலில் ஐம்பதாயிரத்துக்கு மேல் காட்டும், சரசரவென்று இறங்கும். ஆயிரத்துக்குக் கீழே வந்த பிறகுதான் வால்வை மூட வேண்டும். "நல்ல தண்ணியைக் கொட்டுறானே" என்று வரிசையில் நிற்கிற ஆச்சி திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பேட்டரியில் பணத்தைக் கொட்டாதீர்கள். வெயில் உள்ளபோது ஓட்டித் தொட்டியை நிரப்புங்கள். மூன்று நாள் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, மூன்று நாள் பேட்டரியைவிட மிக மலிவு. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் உற்பத்தி படுத்துவிடும். நல்லவேளை, கூரைத் தண்ணீர் கிடைப்பதும் அப்போதுதான்.

7. மெம்பிரேனுக்கு முன்னால் குளோரின் மிச்சமிருக்கக் கூடாது; தின்றுவிடும். குளோரினை நல்ல தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள்.

8. கார்ட்ரிட்ஜ் பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் ஒரு பாரைத் தொட்டால் மாற்றுங்கள். கழற்றி, அலசி, திரும்பப் போடுகிற புத்திசாலித்தனம் வேண்டாம்.

9. நூறு லிட்டர் உள்ளே போனால் நாற்பதுதான் நல்ல தண்ணீராக வரும். மீதி அறுபது, லிட்டருக்கு 58 கிராம் உப்போடு கடலுக்குத் திரும்பும். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல் மேல் அதைக் கொட்டினால், கடற்பசு காப்பகம் என்று 2022-இல் அறிவித்ததற்கு அர்த்தமில்லை. நீரோட்டம் உள்ள இடத்தைக் கேட்டு அங்கே விடுங்கள். உங்கள் வரைபடத்தைவிட மீனவருக்கு அது நன்றாகத் தெரியும்.

10. சாதாரண இரும்பு இங்கே ஆகாது. உயர் அழுத்தப் பகுதியில் சாதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். பேனல் தாங்கிகளைப் புயலுக்குக் கட்டுங்கள். 2018-இல் கஜா வேதாரண்யத்தில் என்ன செய்தது என்று போய்க் கேளுங்கள்.

11. புதுத் தண்ணீர் சப்பென்றிருக்கும், குழாயையும் அரிக்கும். சுண்ணாம்புக்கல் படுகை வழியாக விட்டால் இரண்டும் தீரும்.

12. பழைய கிணறுகளை மூடவிடாதீர்கள். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 2014 டிசம்பரில் கடல்நீர் நிலையத்தில் தீப்பிடித்ததும் ஒரு லட்சம் பேருக்கு மேல் குழாயில் தண்ணீர் இல்லை. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. அது தலைநகர், உலகம் பார்த்தது. உங்கள் ஊருக்கு யார் விமானம் அனுப்புவார்கள்?

13. இலவசமாகக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வருவார்கள். குடத்துக்கு ஒரு ரூபாயாவது வாங்குங்கள். 15 லிட்டர் குடம் என்றால் நாளைக்கு 650 ரூபாய் சொச்சம், வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். மெம்பிரேன் நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டியது. அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். திருவிழாவுக்குக் கைமாற்று கேட்டாலும் எடுக்காதீர்கள். காசோலையில் ஒரு கையெழுத்து, நோட்டு எழுதி பம்பு ஓட்டுகிறவருடையதாக இருக்கட்டும்.