சொல்லிற் பிறக்கும் கலகம்

முன்னுரை

மொழி பயில்வோர் சொல்லின் அழகினை ஆராய்ந்து மகிழ்வதோடு நின்றுவிடுதல் போதாது. அச்சொல் சமுதாயத்தில் ஆற்றும் வினையையும் ஆராய்தல் வேண்டும். திருவள்ளுவர் சொல்வன்மை என்னும் அதிகாரத்தை அமைச்சியலில் வைத்துள்ளமை சிந்தித்தற்குரியது. ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் நாவிற்குக் காவல் மிகுதியும் தேவை என்பது அதனாற் பெறப்படும். இவ்வுண்மைக்கு 2024ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த கலவரம் தக்க சான்றாகும்.

நிகழ்ச்சி

2024 ஜூலை 29ஆம் நாள் சவுத்போர்ட் என்னும் கடற்கரை நகரில், நடன வகுப்பிற்கு வந்திருந்த சிறுமியர் மூவர் கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டனர். நெஞ்சை உருக்கும் கொடுமை அது. கொலையாளி படகேறி வந்த முஸ்லிம் அகதி என்று பொய்ப்பெயர் ஒன்றுடன் வதந்தி பரவியது. உண்மையில் அவன் ருவாண்டாவிலிருந்து வந்த பெற்றோர்க்கு, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பிறந்த பதினேழு வயதினன். பயங்கரவாதக் கையேடு ஒன்றை அவன் வைத்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. எனினும், எந்தச் சமய, அரசியல் கொள்கைக்காகவும் அவன் கொன்றதாகத் தெரியவில்லை என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் கூறியது. 2025 ஜனவரியில் அவன் குற்றத்தை ஒப்பினான். குறைந்தது 52 ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

ஆனால் மறுநாளே கூட்டமொன்று அந்நகரப் பள்ளிவாசலைத் தாக்கியது. காவலர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆகஸ்ட் முதல் நாள் நீதிமன்றம் கொலையாளியின் உண்மைப் பெயரை வெளியிட அனுமதித்தது. பொய் வெளிப்பட்டபின் கலகம் அடங்கியிருத்தல் வேண்டுமன்றோ? அடங்கவில்லை. ஆகஸ்ட் 3, 4 ஆகிய நாட்களிலேதான் அது பெருகியது. ரொதரம் நகருக்கருகே இருநூற்றுக்கும் மேற்பட்ட அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றனர். எனவே, வதந்தி தீப்பொறியே. விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது எனலாம்.

விறகு அடுக்கிய சொற்கள்

அதனை அடுக்கிய சொல்லாட்சிகளை இலக்கணக் கண்கொண்டு மூன்றாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது உருவகம். 2022 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சுயெல்லா பிரேவர்மன், படகில் வருவோரைப் 'படையெடுப்பு' என்று நாடாளுமன்றத்திற் குறித்தார். அகதி படைவீரனாக உருவகிக்கப்பட்டால், அவனைத் தாக்குவோன் தன்னை நாடு காப்போனாகக் கருதிக் கொள்கிறான். 2023இல் பிரதமர் ரிஷி சுனக்கின் மேடையில் 'படகுகளைத் தடுப்போம்' என்னும் முழக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டு கலகக்காரர் தெருவில் எழுப்பிய முழக்கமும் அதுவே. இவ்விருவரும் இந்திய வம்சாவளியினர் என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாவது, பிறர்மேல் ஏற்றிக் கூறல். 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காமில் ஈனக் பவல் ஆற்றிய உரை இதற்கு எடுத்துக்காட்டு. இருபத்தைந்தாம் வயதிற் கிரேக்கப் பேராசிரியரான பெரும்புலவர் அவர். அந்த உரையில் வர்ஜிலின் காப்பியத்தை நினைவூட்டி, இரத்தம் பெருகும் ஆற்றைக் காட்டினார். குடியேறியோர்மீது தாம் சொல்ல விரும்பியவற்றைப் பெயரறியாத் தொகுதிவாசிகளின் கூற்றாக அமைத்தார். மறுநாளே கட்சித் தலைவர் ஹீத் அவரைப் பொறுப்பினின்று நீக்கினார். எனினும் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் சென்றனர். புலமை மட்டுமே ஒருவரைப் பண்படுத்திவிடாது என்பதை இலக்கியம் பயிலும் நாம் மறத்தலாகாது.

மூன்றாவது வினா. நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். ஐயவினா அவற்றுள் ஒன்று. சவுத்போர்ட் கொலைக்கு மறுநாள், நாடாளுமன்ற உறுப்பினர் நைஜல் ஃபராஜ், உண்மை நம்மிடமிருந்து மறைக்கப்படுகிறதோ என்று ஐயம் எழுப்பினார். வன்முறையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் அவர் கூறியதுண்டு. ஆயினும் ஐயவினாவிற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. விடையைக் கேட்போரே நிரப்பிக் கொள்வர். சில நாட்களில் மிடில்ஸ்பரோ தெருக்களில் வேறொரு வினா எழுந்தது. மகிழுந்துகளை மறித்து, ஓட்டுநர் வெள்ளையரா, ஆங்கிலேயரா எனக் கேட்டனர்.

சிறுபான்மையினர் நிலை

வறுமையும் வேலையின்மையும் இக்கலகத்திற்குத் துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அத்துயருக்குக் காரணம் இன்னார் எனச் சுட்டிக் காட்டியது சொல்லே. அச்சுட்டு முஸ்லிம்களோடு நிற்கவில்லை. சண்டர்லாந்தில் மருத்துவமனையின் அவசரப் பணிக்கு விரைந்த பிலிப்பைன்ஸ் செவிலியர் இருவர் சென்ற வாடகை வண்டி கல்லெறியப்பட்டது. பிறந்த மண்ணிலேயே அன்னியராக நோக்கப்படும் அச்சம், உடைந்த கண்ணாடியைப் போல் ஒரு நாளில் மாற்றப்படுவதன்று.

சொல்லுக்கு மாற்றுச் செயல்

இருளிலும் ஒளி தோன்றியது. சவுத்போர்ட் பள்ளிவாசலின் இடிந்த சுவரை மறுநாளே அவ்வூர் மக்கள் கூடிக் கட்டினர். லிவர்பூலில், 1889இல் அப்துல்லா குயிலியம் நிறுவிய பள்ளிவாசலின் முன் எதிர்ப்பாளர் திரண்டபோது, இமாம் ஒருவர் வெளியே வந்து அவர்களுக்கு உணவளித்து உரையாடினார். சிலர் அவரைத் தழுவிக் கொண்டனர். ஆகஸ்ட் 7ஆம் நாள் பல நகரங்களிற் பல்லாயிரவர் இனவெறிக்கு எதிராக வீதியில் நின்றனர்.

நிறைவுரை

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், தீயோன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்காது பிறர்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்க எச்சரிக்கிறது. இவ்வறிவுரை முதலில் நமக்கே உரியது. பிற சமயத்தாரைப் பற்றி நம் திண்ணைகளில் 'அவர்கள் எல்லாரும்' என்று தொடங்கும் வாக்கியம் எழும்போது, அதனை அங்கேயே நிறுத்தக் கடமைப்பட்டுள்ளோம். மாணவச் செல்வங்கள் மேடைப்பேச்சைக் கேட்குங்கால் இங்கு உருவகம் எது, கூற்று யாருடையது, வினாவின் உட்பொருள் யாது என வினவிப் பழகுவாராக. கற்ற இலக்கணம் அப்போதுதான் வாழ்விற்கு அரணாகும்.