பிலிப்பைன்ஸ் மேசையில் ஒரு சுவைப் பாடம்



ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு சிவில் டிப்ளமோ. சமையலைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று வீட்டில் கேட்டார்கள். சாப்பிட்ட அனுபவமும், சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்த அனுபவமும் உண்டு என்றேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது அனுபவத்திலிருந்து பிறந்தது.

எங்கள் சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். வேலை நிமித்தம் வந்து நாக்பூரிலேயே தங்கிவிட்டோம். மகளும் மருமகனும் பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் இரண்டு மாதம் அங்கே போய்த் தங்கினோம். அவர்கள் தெருமுனையில் இருந்த ஒரு சிறு உணவகத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கோ உப்பும் உறைப்பும் இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே அன்று முதல் எங்கள் வீட்டில் தினமும் இரண்டு குழம்பு. அவளுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. என் சட்டியில் என்றாவது உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சுட்டிக் காட்டி வாங்கும் கடை

அந்த உணவகம் 'துரோ துரோ' வகையைச் சேர்ந்தது. 'துரோ' என்றால் சுட்டிக் காட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் சமைத்த பதார்த்தங்களைத் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். வேண்டியதை விரலால் காட்டினால் சோற்றோடு கொடுப்பார்கள். கடையை நடத்துபவர் ஓர் அம்மாள். அங்கே முன்பின் தெரியாத பெண்ணையும் 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா என்று பொருள். ஆண்களை 'குயா', அதாவது அண்ணன் என்பார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் இருப்பது போலவே இருந்தது.

நாங்கள் மீனும் கோழியும் சாப்பிடுவோம். பன்றியும் மாடும் தொடுவதில்லை. மருமகன் 'சினிகாங்' வாங்கிக் கொடுத்தார். அது ஒரு புளிக் குழம்பு. பால்கெண்டை மீன், முள்ளங்கி, தக்காளி, காராமணிக்காய், வள்ளைக்கீரை, நீளப் பச்சை மிளகாய் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்திருந்தார்கள். புளிப்புக்குப் புளியங்காய், சில வீடுகளில் அதற்குப் பதிலாகக் கொய்யாப்பழமோ பிலிம்பிக்காயோ மாங்காயோ போடுவார்களாம். தனியா, மிளகாய்த்தூள், கடுகு, பெருங்காயம் எதுவும் கிடையாது.

ஒரு வாய் சாப்பிட்டேன். புளிப்பு இருந்தது, மணம் இருந்தது, உப்பு மட்டும் பற்றவில்லை. வழக்கம் போல முகத்தைச் சுளித்தேன். ஆத்தே சிரித்துக்கொண்டே, "மதபாங்?" என்று கேட்டார். சப்பென்று இருக்கிறதா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குக் கோபமும் வரவில்லை, வருத்தமும் இல்லை. மேசைமேல் இருந்த நாலைந்து பாட்டில்களையும் ஒரு சின்னக் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டார்.

சவ்சவன் என்றால் என்ன?

அந்தக் கிண்ணத்துக்கும் அதில் கலக்கும் தொட்டுக்கைக்கும் 'சவ்சவன்' என்று பெயர். அதில் கலப்பவற்றை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

1. சூகா (வினிகர்): தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து எடுப்பது ஒரு வகை, நம் கோவாவிலும் இது உண்டு. புலாக்கான் மாகாணத்துப் பாவோம்போங் என்ற ஊரில் நிப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் சாற்றில் எடுக்கிறார்கள். வடக்கே இலோகோஸ் பகுதியில் கரும்புச் சாற்றில் எடுக்கிறார்கள்.

2. பாத்திஸ்: மீனை உப்பிட்டுப் பல மாதம் ஊற வைத்தபின் மேலே தெளியும் சாறு. அடியில் தங்கும் விழுது 'பகோஓங்'. சிறு இறாலிலும் பகோஓங் செய்வார்கள்.

3. தோயோ: சோயா சாஸ். இது சீனர் தொடர்பால் வந்தது.

4. கலமன்சி: கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய எலுமிச்சை வகை. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட மணம்.

5. சிலிங் லபுயோ: நம் காந்தாரி மிளகாயைப் போன்ற சிறு மிளகாய். கடுமையான காரம்.

எதற்கு எது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பொரித்த மீனுக்கு வினிகரில் பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட வேண்டும். சுட்ட மீனுக்குச் சோயா சாஸில் கலமன்சி பிழிய வேண்டும். சினிகாங்குக்குப் பாத்திஸில் மிளகாயை நசுக்கிக் கொள்ள வேண்டும். மாங்காய்க் கீற்றுக்கு இறால் பகோஓங். பச்சைப் பப்பாளித் துருவலில் செய்யும் ஊறுகாயும் பக்கத்தில் இருக்கும். அதன் பெயர் 'அச்சாரா'. நாம் இங்கே தினமும் கேட்கும் 'அச்சார்' என்ற சொல்தான் மலாய் நாடு வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சமையலறையில் நடப்பது

எல்லாச் சுவையும் மேசையில்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நாம் கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோம். அவர்கள் முதலிலேயே பூண்டு, வெங்காயம், தக்காளியை எண்ணெயில் வதக்கிக்கொள்கிறார்கள். இதற்கு 'கிசா' என்று பெயர். நிறத்துக்கு 'அத்சுவேதே' என்னும் சிவப்பு விதை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த சரக்கு அது.

புகழ்பெற்ற 'அடோபோ' ஸ்பானியப் பெயர் கொண்டது. ஆனால் வினிகரில் சமைப்பது ஸ்பானியர் வருமுன்பே அங்கிருந்த முறை. கோழியை வினிகர், சோயா சாஸ், பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்து வேக வைப்பார்கள். வினிகரும் உப்பும் இருப்பதால் வெப்ப நாட்டிலும் சீக்கிரம் கெடாது. வினிகர் ஊற்றியபின் ஒரு கொதி வரும்வரை கிளறக்கூடாது என்று ஆத்தே சொன்னார். புளிக்குழம்பில் பச்சை வாசனை போகட்டும் என்று நம் வீட்டில் காத்திருப்பதும் இதுவும் ஒன்றுதானே என்றாள் என் மனைவி.

ரயில்காரனான எனக்குப் பிடித்த பெயர் 'பிகோல் எக்ஸ்பிரஸ்'. தேங்காய்ப் பாலில் பன்றி இறைச்சி, இறால் விழுது, ஏராளமான மிளகாய் போட்டுச் செய்யும் கறி அது. மணிலாவிலிருந்து தெற்கே பிகோல் பகுதிக்கு ஓடிய ரயிலின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதை 1067 மில்லிமீட்டர் கேஜ். நம் மீட்டர் கேஜை விடச் சற்று அகலம். கறியை நான் தொடவில்லை. பெயரைப் படித்தே திருப்திப்பட்டேன்.

நம் ஊர்த் தொடர்பு

இன்னொரு பதார்த்தம் 'காரே காரே'. மாட்டுவால் இறைச்சியை நிலக்கடலைச் சாந்தில் வேக வைப்பது. எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்போம். அந்தப் பெயருக்குரிய ஊரிலேயே மணிலாக்கொட்டைக் குழம்பைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்.

1762இல் ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து கப்பற்படை அனுப்பி மணிலாவைப் பிடித்தார்கள். 1764 வரை அங்கே இருந்தார்கள். அவர்களோடு போன நம் பக்கத்துச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் குடியேறினார்கள். 'கறி' என்ற நம் சொல்தான் அவர்கள் மூலம் 'காரே' ஆயிற்று என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது.

கதை இருக்கட்டும். இதன் செய்முறைதான் என் பாடத்துக்கு முக்கியம். காரே காரேயில் வேண்டுமென்றே உப்பை மிகக் குறைவாகப் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பான பகோஓங் வைக்கிறார்கள். சாப்பிடுபவர் தமக்கு வேண்டிய அளவு தொட்டுக்கொள்ள வேண்டும். உப்புக் குறைவு அங்கே சமைத்தவரின் மறதி அல்ல. டோரின் பெர்னாண்டஸ் (1934-2002) என்ற பிலிப்பைன்ஸ் உணவு ஆய்வாளர் இந்தச் சவ்சவன் வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாப்பிடுபவரும் சமைப்பவருக்குக் கூட்டாளி என்பது அவர் கருத்தின் சாரம்.

தண்டவாளத்தில் ஓர் இடைவெளி

இதைக் கேட்டதும் என் தொழில் நினைவுக்கு வந்தது. பழைய பாதைகளில் 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களை ஒன்றோடொன்று முட்டாமல் சிறு இடைவெளி விட்டுப் பொருத்துவோம். வெயில் 1 டிகிரி ஏறினால் அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் இரும்பு நீளும். 40 டிகிரி வித்தியாசம் என்றால் 6 மில்லிமீட்டர். இடைவெளி விடாமல் போட்டால் கோடையில் பாதை நெளிந்துவிடும். புதிதாக வந்த கேங்மேன் ஒருவர், "என்ன சார், சேராமல் விட்டிருக்கிறார்களே" என்று கேட்டபோது, அது குறையல்ல, கணக்கு என்று அவருக்கு விளக்கியவன் நான். என் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் எனக்கு அந்த அறிவு வரவில்லை.

அன்று சினிகாங்கில் நான் பாத்திஸும் மிளகாயும் சேர்த்துக்கொண்டேன். என் மனைவி கலமன்சி மட்டும் பிழிந்துகொண்டாள். புளிப்பு கூடினால் உப்பு குறைவாக இருப்பது நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டோம். கை கழுவும்போது அவள், "ஒரே சட்டியில ரெண்டு பேரும் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியும். எட்டு வருஷம்.

"இப்படிச் செய்யலாம்னு நீ அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க தட்டைத் தள்ளி வைக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் செய்து பார்த்தது

நாக்பூர் திரும்பியதும் இரண்டாவது சட்டியை நிறுத்திவிட்டோம். குழம்பு, ரசம், பருப்பு எல்லாவற்றிலும் அவளுக்கு ஏற்ற அளவு உப்பு மட்டும். மேசையில் எனக்காக ஒரு உப்புக் கிண்ணம், எலுமிச்சைத் துண்டு, வினிகரில் ஊறிய பச்சை மிளகாய், கொஞ்சம் ஊறுகாய். எனக்கு வேண்டியதை நானே கலந்துகொள்கிறேன். இட்லி மாவு, பொரியல் போன்றவற்றில் மேலே தூவும் உப்பு சேருவதில்லை. அவற்றில் நானும் அவள் அளவுக்கே பழகி வருகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். பாத்திஸ், சோயா சாஸ் இரண்டும் திரவ வடிவிலான உப்பு என்றே நினைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு மேசைக்கரண்டி பாத்திஸிலேயே 3 கிராமுக்கு மேல் உப்பு வந்துவிடும். கடைகளில் விற்கும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சைவ அன்பர்கள் அந்த நாட்டுக்குப் போனால் காய்கறிக் கூட்டிலும் பகோஓங் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்கவும். 'வலாங் பகோஓங்' என்று கேட்டால் அது சேராததைக் காட்டுவார்கள். 'வலாங்' என்றால் 'இல்லாமல்'.

பெரியவர்களுக்கு ஒரு உணவும் பிள்ளைகளுக்கு ஒரு உணவும் நோயாளிக்கு ஒரு உணவும் என்று தனித்தனியே சமைத்துக் களைத்துப்போகும் பெண்கள் நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். உப்பு குறைந்தால் கிண்ணம் மேசையில் இருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ள நமக்குக் கை இருக்கிறது. இதைக் கற்க நான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நீங்கள் இன்று இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம்.