வெங்காய வேர் சொல்லும் பாடம்

அண்மையில் ஒரு தாயார் தமது பத்து வயது மகளுடன் எம்மிடம் வந்தார். பாடசாலைச் செயற்திட்டத்துக்காக மகள் ஒரு வெங்காயத்தைத் தண்ணீரிலும் இன்னொன்றைத் தோடம்பழ நிறக் குளிர்பானத்திலும் வைத்திருந்தாள். தண்ணீரில் வேர் நீளமாக வளர்ந்தது. பானத்தில் வளரவேயில்லை. "டொக்டர், இவ்வளவு நாளும் பிள்ளைக்கு நஞ்சையோ குடுத்தனான்?" என்று தாயார் கண்கலங்கினார்.

இது விஞ்ஞானிகளும் செய்யும் பரிசோதனைதான். 1938 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அல்பேர்ட் லெவான், கொல்கிசின் என்ற இரசாயனத்தின் விளைவை வெங்காய வேரில் ஆராய்ந்தார். வேர் நுனியில் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு கலத்திலும் உள்ள 16 நிறமூர்த்தங்களும் பெரியவை. ஆகவே அவை உடைந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ நுணுக்குக்காட்டியில் எளிதாகத் தெரியும்.

ஆய்வுகூடத்தில் செய்யும் முறை:

1. வெங்காயத்தின் அடியைத் தண்ணீரில் வைத்து வேர் விடச் செய்வர்.
2. பின்னர் சேர்பொருளைப் பல செறிவுகளில் கரைத்து, வெங்காயங்களை அவற்றில் வைப்பர். ஒன்று வெறும் தண்ணீரிலேயே இருக்கும்.
3. வேரின் நீளத்தை அளப்பர். நுனியை வெட்டிச் சாயமூட்டி, எத்தனை கலங்கள் பிரிகின்றன, எத்தனை பழுதடைந்துள்ளன என எண்ணுவர்.

டார்ட்ரசீன் (ஈ 102) என்ற மஞ்சள் நிறமூட்டியை இப்படி ஆராய்ந்தவர்கள் கலப்பிரிவு குறைவதைக் கண்டுள்ளனர். ஆனால் வேர் அந்தக் கரைசலில் இரவு பகலாக ஊறுகிறது. அதற்குக் குடலுமில்லை, ஈரலுமில்லை. எனவே வெங்காயம் தருவது ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே. தீர்ப்புக்கு மேலும் ஆய்வுகள் வேண்டும்.

மகளிடம் இன்னும் மூன்று குவளைகள் வைக்கச் சொன்னோம்: சீனித் தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர், நிறம் மட்டும் கலந்த தண்ணீர். தேசிக்காய்த் தண்ணீரில் வேர் வளரவில்லை. சீனித் தண்ணீரிலும் அப்படியே. நிறத் தண்ணீரில் ஓரளவு வளர்ந்தது. தேசிக்காயை நாம் நஞ்சு என்போமா?

அதற்காக நிறமூட்டிகளை அளவின்றிப் பாவிக்கலாம் என்பதல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009 இல் டார்ட்ரசீனுக்கு வைத்த நாளாந்த எல்லை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7.5 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை, இது உட்பட ஆறு நிறமூட்டிகள் சேர்ந்த உணவுகளின் லேபிளில் 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம். கடைப் பொருளுக்கு அளவு உண்டு. பிறந்தநாள் கேசரிக்கு நாம் கரண்டியால் அள்ளிப் போடும் கலருக்கு அளவு ஏது?

அந்தத் தாயாருக்கு நாம் சொன்னது இதுதான்: "பயப்படாதேங்கோ, நீங்கள் நஞ்சு குடுக்கேல்லை. ஆனால் ஒரு கான் குளிர்பானத்தில ஏழு எட்டுத் தேக்கரண்டி சீனி இருக்கலாம். அதை நாள்தோறும் குடுக்காதேங்கோ."

நீரிழிவு மலிந்த எம்மவர் வீடுகளில் முதலில் வாசிக்க வேண்டிய வரி, லேபிளில் உள்ள சீனியின் அளவே.