பொருளடக்கப் பக்கம்: எழுத்து எவ்வளவு பெரிசு, பத்தி எத்தனை?

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல், ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் அடிகளார் பல ஆண்டுகள் பணி செய்த ஊர். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. மொத்தமே 16 பக்கம்தான். பிறகு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்தன. எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதமோ பஞ்சம். அதனால் அங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

அவங்களுக்குக் காகிதம் பஞ்சம். நமக்கு ஸ்க்ரீன் அகலம் பஞ்சம். ஆனா கீழே ஸ்க்ரோல் பண்ண காசு கிடையாது. அதனால் நாம குறைக்க வேண்டியது எழுத்தை இல்லை, பத்திகளை.

கணக்குப் போட்டுப் பாருங்க. 360 பிக்ஸல் அகல போனில் ஓரங்களுக்கும் நடுவுக்கும் 16 பிக்ஸல் விட்டால், இரண்டு பத்தியில் ஒன்றுக்கு 156 பிக்ஸல்தான் மிஞ்சும். 'பொறியியலாளர்களுக்கான' என்ற ஒரே சொல் அதில் அடங்காது. அடக்க எழுத்தைச் சுருக்கினால் 'கி', 'கீ' வித்தியாசம் மங்கிவிடும்.

இப்படிச் செய்யலாம்:

1. அளவை பிக்ஸலில் இல்லாமல் ரெம் அலகில் கொடுங்க. வழக்கமாக 1 ரெம் என்பது 16 பிக்ஸல். பிரவுசரில் பெரிய எழுத்து வைத்திருப்பவருக்கு அதுவும் கூடவே வளரும். தலைப்புக்கு 1.25, எழுதியவர் பெயருக்கு 1 போதும். அதற்குக் கீழே போகாதீங்க.

2. வரி உயரம் 1.6 வையுங்க. 'கூ', 'ளு' கீழே இறங்கும். 'கீ' மேலே ஏறும். நெருக்கினால் மோதும்.

3. போனில் ஒரே பத்தி. அகலம் 45 ரெம் தாண்டினால் மட்டும் இரண்டு.

4. இரண்டு பத்திக்கு சிஎஸ்எஸ் கிரிட் எடுங்க. மல்டி காலம் முறையில் முதல் பத்தி அடிவரை நிறைந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். நீளமான பட்டியலில் வாசகர் கீழே போய் மறுபடி மேலே ஏறணும். கிரிட்டில் ஒன்றும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

5. ஜஸ்டிஃபை வேண்டாம், இடது ஓரம் போதும். நீளச் சொற்கள் அடுத்த வரிக்குத் தாவும்போது நடுவில் ஓட்டை விழும்.

கடைசியா ஒரு சோதனை. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்க. ஒரு தலைப்புகூட வெட்டுப்படாமல் இருந்தால் பக்கம் தயார். தலைப்பே வாசிக்க முடியலைன்னா, நண்பர் ராத்திரி முழிச்சு எழுதின கட்டுரையை யாரும் திறக்கவே மாட்டாங்க.