கீரையின் சத்து வீணாகாமல் சமைக்கும் முறை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கீரைக்குப் பஞ்சமில்லை. கிணற்றடியில் முருங்கை நிற்கிறது. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர்வதற்கென்றே அகத்தி வளர்க்கப்படுகிறது. வாய்க்காலோரத்தில் பொன்னாங்கண்ணி தானாகவே படர்கிறது. அவ்வாறிருந்தும், குழந்தைகளிடத்தும் கர்ப்பிணிகளிடத்தும் இரத்தசோகை இன்றும் பரவலாகக் காணப்படுகிறது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நீக்குவது குடியானவரின் கையிலேயே இருக்கிறது. கொல்லையிலிருந்து உண்ணும் இலைக்கு வந்து சேருவதற்குள் கீரையின் சத்தில் ஒரு பாகம் வீணாகிவிடுகிறது. அதைத் தடுக்கும் முறைகள் இங்கு விவரிக்கப்படுகின்றன.

கீரையில் உள்ள சத்துக்கள்

நீலகிரி ஜில்லா குன்னூரில் இருந்த சத்துணவு ஆராய்ச்சிச்சாலை, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைக் குறித்த அட்டவணையை 1937-ல் வெளியிட்டது. அந்த ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இப்பொழுது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரால் வழங்குகிறது. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட அட்டவணைகளின்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 220 மில்லிகிராம் 'சி' ஜீவசத்தும் உள்ளன. அகத்தியில் சுண்ணாம்புச் சத்து 1,130 மில்லிகிராம். முளைக்கீரையில் அது 397 மில்லிகிராம்.

இவையன்றி, இம்மூன்று கீரைகளிலும் கரோட்டின் என்னும் பொருள் மிகுதியாக இருக்கிறது. இது உடலில் 'ஏ' ஜீவசத்தாக மாறி, கண்ணைக் காக்கிறது. அரிசிச் சோற்றில் கரோட்டினும் இல்லை. 'சி' ஜீவசத்தும் இல்லை. ஆகையால் சோற்றையே பிரதானமாக உண்பவர்களுக்குக் கீரை இன்றியமையாததாகும்.

இவ்விரண்டு சத்துக்களின் குணங்களும் வெவ்வேறானவை. கரோட்டின் நீரில் கரைவதில்லை. ஆனால் வெயிலாலும் நெடுநேரம் வேகவைப்பதாலும் குறைகிறது. எண்ணெயுடன் சேர்ந்தாலன்றி உடலில் நன்கு சேருவதில்லை. 'சி' ஜீவசத்தோ நீரில் கரைந்துபோவது. சூட்டினாலும் காற்றினாலும் விரைவில் அழிவது. இந்தக் குணபேதத்தை அறிந்துகொண்டால், பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

தேர்ந்தெடுத்தல்

இலை கரும்பச்சையாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும். வெளிறிய உள்ளிலைகளைவிடக் கரும்பச்சையான வெளியிலைகளிலேயே கரோட்டின் அதிகம். வெளியிலைகளைக் கழித்தெறிந்து வெளிறியவற்றை மட்டும் பொறுக்குவது தவறு. மஞ்சளித்தவையும், புள்ளி விழுந்தவையும், அழுகியவையும் மாத்திரமே கழிக்கத்தக்கவை. முளைக்கீரையை விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் வேரோடு பிடுங்கிவிடவேண்டும்; தாமதித்தால் தண்டு நாரோடிப்போகும்.

சாக்கடை நீர் பாயும் இடத்தில் வளர்ந்த கீரையை வாங்கலாகாது. பூச்சி மருந்து தெளித்த கீரையை, அம்மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் கழியுமுன் அறுத்தல் கூடாது. மானோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்குத் தெளிப்பது 2005-ஆம் வருஷம் முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஆய்தலும் கழுவுதலும்

சமையலுக்குச் சற்று முன்னரே கீரையைப் பறிப்பது உத்தமம். முருங்கைக்கொத்தை இரவில் துணியில் சுற்றிவைத்து, காலையில் உதறினால் இலைகள் எளிதில் உதிர்ந்துவிடும். இதனால் வேலை குறைவது உண்மையே. எனினும் 'சி' ஜீவசத்தும் அவ்விரவிலேயே குறைந்துவிடுகிறது. கொல்லையில் மரம் உள்ளவர்கள் அன்றன்று ஒடித்து உருவிக்கொள்வதே நலம்.

கீரையை முதலில் கழுவி, பின்னரே அரியவேண்டும். அரிந்த பின் கழுவினால், வெட்டுவாயின் வழியாகச் சத்து நீரில் இறங்கிவிடும். மண் ஒட்டிய கீரையை இரண்டு மூன்று தடவை நீர் மாற்றி அலசலாம். நீரில் ஊறப்போட்டு விட்டுவிடலாகாது. மிகப் பொடியாக அரிவதும் வேண்டாம்.

சமைத்தல்

சிறிதளவு நீரைக் கொதிக்கவிட்டு, அதன் பின்னரே கீரையை இடவேண்டும். இளங்கீரை சில நிமிஷங்களில் வெந்துவிடும். பருப்புச் சேர்ப்பதானால், பருப்பைத் தனியே வேகவைத்துக்கொண்டு கீரையைக் கடைசியில் சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால், பருப்பு வேகுமுன் கீரை குழைந்து சத்தற்றுப்போகும். வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் அதையே மசியலிலோ இரசத்திலோ சேர்த்துக்கொள்ளவேண்டும். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. முளைக்கீரை முதலியவற்றில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால், அவர்கள் வைத்தியரைக் கேட்டு நடப்பது நலம்.

நிறம் மாறாதிருக்கச் சோடா உப்பு இடும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அது ஜீவசத்தை அழிக்கிறது. ஈயம் பூசாத செம்புப் பாத்திரமும் ஆகாது. மண்சட்டியே போதுமானது. இறக்கும் தறுவாயில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் ருசியும் உண்டாகும். கரோட்டினும் உடலில் சேரும். அகத்தியின் கசப்பைப் போக்க அரிசி கழுவிய நீரும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பது பழைய வழக்கம். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இதே வேலையைச் செய்கிறது.

கீரையில் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேருவதன்று. எலுமிச்சம்பழச் சாற்றை இறக்கிய பின் பிழிந்துகொண்டால், அதிலுள்ள 'சி' ஜீவசத்து இரும்பு சேருவதற்குத் துணைசெய்யும். சாப்பிட்டவுடனே காபியோ தேநீரோ அருந்துவது அப்பயனைக் கெடுத்துவிடும். மீந்த கீரையை மறுபடியும் சுடவைப்பதைவிட, அந்தந்த வேளைக்கு வேண்டிய அளவே சமைப்பது மேல்.

உலர்த்தி வைத்தல்

முருங்கைக்கீரை மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் அதை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்திப் பொடித்து, காற்றும் ஈரமும் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைத்தால் கரோட்டின் பெரிதும் அழிந்துவிடும்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

மனைக்கு ஒரு முருங்கையும், வேலியோரத்தில் சில அகத்திகளும் இருந்தால் ஒரு குடும்பத்திற்குப் போதுமானது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒடித்துப் போடும் அகத்தித்தழையில் ஒரு கைப்பிடியை அடுப்படிக்கும் அனுப்பவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்காக 1982-ல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் மையங்களிலும், அங்கன்வாடிகளிலும் முருங்கைக்கிளைகளை நட்டு வளர்ப்பது பஞ்சாயத்தாருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் எளிதான காரியம்.

அந்தி நேரத்தில் குழந்தை தட்டுத்தடுமாறி நடப்பதைக் கண்டால், கீரையை மட்டும் நம்பிக் காலங்கடத்தலாகாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். கண் பழுதான பின் கீரையால் அதை மீட்க இயலாது. குழந்தைகளுக்கு 'ஏ' ஜீவசத்துத் திரவம் கொடுக்கும் திட்டம் 1970-ல் ஏற்பட்டது. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதைப் பெறலாம். அந்த மருந்துடன் நாள்தோறும் கீரையும் சேருமாயின், வருமுன் காத்தல் கைகூடும்.

கழுவிய பின் அரிதல், சிறு நீரில் வேகவைத்தல், வடிக்காமை, எண்ணெய் சேர்த்தல், புளிப்புப் பிழிதல் ஆகிய இவ்வைந்தையும் வீட்டுப் பெண்டிருக்கும் ஆடவருக்கும் எடுத்துச் சொல்லுதல் நலம். இவற்றுக்குக் காசு செலவில்லை. காவலாக நிற்பதோ குழந்தையின் கண்ணுக்கு.