“அன்பளிப்பு எண்டு எழுதிக் குடு”: வீட்டு டிபொசிட் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கங்களில் வீடு வாங்கப் புறப்படும் நம்மவர்களுக்கு ஆலோசனை இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று புரோக்கரிடமும் சொலிசிட்டரிடமும். மற்றது கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாக்களிலும். இரண்டாவது இலவசம். ஆனால் நேர்மையாக உழைத்துச் சேர்த்த காசைச் சந்தேகக் காசாக்கிவிடுவது பல வேளைகளில் அதுதான்.

நம்பிக்கை: “தமிழர் எண்டபடியால்தான் துருவித் துருவிக் கேக்கிறாங்கள்.”

உண்மை: இங்கிலாந்தில் யார் வீடு வாங்கினாலும் டிபொசிட் வந்த வழியைக் கேட்கிறார்கள். வங்கி, சொலிசிட்டர், எஸ்டேட் ஏஜென்ட் எல்லாரும் 2017-ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். குற்றப் பணம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் அறிவிக்காத சொலிசிட்டருக்கு, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். “வங்கிக்கு எல்லாம் குடுத்தாச்சு, இவருக்கு ஏன் திரும்ப?” என்பதற்கும் இதுவே பதில்: அவரவர் பொறுப்பு அவரவர்க்கு. வெளிநாட்டுக் காசென்றால் கேள்வி கூடும் என்பது மெய். கடந்து வந்த பாதை நீளமானால் பார்க்க வேண்டிய தாள்களும் கூடத்தானே.

நம்பிக்கை: “மூன்று மாதம் கணக்கில் கிடந்தால் அது உன்ரை காசு.”

உண்மை: மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பது பெரும்பாலும் வரவு செலவைப் பார்க்க. காசு வந்த வழி வேறு கேள்வி. ஸ்டேட்மென்டின் முதல் வரியில் மீதி 31,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். கீழே சம்பளம் 2,300, வாடகை 1,400. இந்தச் சம்பளத்தில் அந்த 31,000 எப்படிச் சேர்ந்தது என்று சொலிசிட்டரின் பேனா முதல் வரியிலேயே நின்றுவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பின்னோக்கிக் கேட்பார். சேமித்த காசென்றால் பழைய ஸ்டேட்மென்டுகளே சாட்சி சொல்லும்.

நம்பிக்கை: “ரொக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தெரியாது.”

உண்மை: அப்படிப் போடுவதுதான் உடனே கண்ணில் படும். திங்கள் 900, புதன் 850, வெள்ளி 900 என்று ரொக்க வரவு வரிசையாக நின்றால், ஒரே நாளில் 10,000 போட்டதைவிட அதற்கு விளக்கம் சொல்வது கடினம். “இந்தத் தொகைக்குக் கீழே என்றால் வழி கேட்கமாட்டார்கள்” என்ற பாதுகாப்பான எல்லை எதுவும் இல்லை. கடை வருமானம் என்றால் கடைக் கணக்கும் வரிக் கணக்கும் அதோடு பொருந்த வேண்டும்.

நம்பிக்கை: “மச்சானிட்டை வாங்கின கடனை அன்பளிப்பு எண்டு எழுதிக் குடு. ஆர் பாக்கப் போறாங்கள்?”

உண்மை: எல்லா ஆலோசனைகளிலும் ஆபத்தானது இது. அன்பளிப்புக் கடிதத்தில் கொடுப்பவர் கையெழுத்திட்டு உறுதி சொல்வது இரண்டு: காசைத் திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கு கோரமாட்டேன். மாதம் 300 பவுண்ட் திருப்பித் தருவதாகப் பேசிவிட்டு அதில் கையெழுத்திட்டால், இருவரும் வங்கியிடம் தெரிந்தே பொய் சொல்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில் பொய்யான தகவல் கொடுத்து ஏமாற்றுவதற்கு உச்சத் தண்டனை பத்து ஆண்டுகள். நீதிமன்றம் வரை போகாவிட்டாலும், சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறினால் ஆறு ஆண்டுகள் வரை இருக்கும். மோர்ட்கேஜ் என்ன, சாதாரண வங்கிக் கணக்குத் திறப்பதே பாடாகிவிடும்.

வங்கி இதில் ஏன் இவ்வளவு கறார்? அந்த 300 பவுண்ட் உங்கள் மாதச் செலவு. அதை மறைத்தால், கட்ட முடியாத அளவுக்குக் கடன் தந்துவிடும். சொலிசிட்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லித் தப்பவும் முடியாது. பெரும்பாலும் அவரே வங்கிக்கும் வேலை செய்கிறார். மோர்ட்கேஜ் போக மீதிக் காசு உங்கள் சொந்தக் காசல்ல என்று தெரிந்தால் வங்கிக்கு அறிவிக்க வேண்டியது அவர் கடமை. குடும்பக் கடனைக் கடனாகவே ஏற்கும் வங்கிகள் ஒரு சில உண்டு. அவற்றைத் தேடித் தருவதற்குத்தான் புரோக்கர் இருக்கிறார்.

உண்மையான அன்பளிப்பில் தவறே இல்லை. கொடுப்பவரின் அடையாளப் பத்திரத்தையும் ஸ்டேட்மென்டையும் கேட்பார்கள். அவரிடம் அந்தக் காசு எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். கொடுத்தவர் பின்னர் திவாலானால், ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுத்த அன்பளிப்பைச் சில சூழ்நிலைகளில் மீட்டெடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. வங்கி அதையும் யோசிக்கிறது.

நம்பிக்கை: “சீட்டுக்காசு எண்டு வாயே திறக்காதை.”

உண்மை: சீட்டு என்றால் என்ன என்று தெரியாத சொலிசிட்டர் இருக்கலாம், அதற்காக மறைக்க வேண்டியதில்லை. இருபது பேர் மாதம் 500 பவுண்ட் கட்டும் சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10,000. கடைசியாக எடுத்தவருக்கு அது முழுக்க அவர் சேமிப்பு. ஆறாவது மாதமே கழிவு போக 8,500 எடுத்தவர் இன்னும் பதினான்கு மாதம் 500 கட்ட வேண்டும். கட்ட வேண்டிய அந்த 7,000 பவுண்ட் கடன்தான். எத்தனையாவது சீட்டு எடுத்தீர்கள் என்பதைச் சொல்லாமல் “சேமிப்பு” என்று மட்டும் எழுதுவது அரை உண்மை.

மாதக் காசை வங்கி வழியாகவே கட்டியிருந்தால் ஸ்டேட்மென்டே பேசும். அதோடு சீட்டுப் பிடித்தவரின் கடிதம், பெயரும் தேதியும் உள்ள கொப்பிப் பக்கத்தின் பிரதி. ரொக்கமாகவே கட்டி ரொக்கமாகவே எடுத்த சீட்டைச் சில வங்கிகள் ஏற்காமல் போகலாம். அது விண்ணப்பத்துக்கு முன்னரே தெரிந்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: “ஊர்க்காணி வித்த காசுக்கு அம்மாவின்ரை கடிதம் போதும்.”

உண்மை: போதாது. காணி உறுதி, விற்ற விலை, அந்த விலை அம்மாவின் கணக்கில் ஏறியது, அங்கிருந்து இங்கு வந்தது: நான்குக்கும் தாள் வேண்டும், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்புடன். நாட்டுக்கு நாடு அந்நியச் செலாவணி விதிகளும் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது 2,50,000 டாலர் வரை. நடைமுறை இழுபடுகிறதென்று வங்கியை விட்டு உண்டியலில் அனுப்பினால், முறையாக விற்ற காணியின் காசும் இங்கே ஊர் பேர் தெரியாத ஆளிடமிருந்து வந்த காசாகத்தான் தெரியும்.

நம்பிக்கை: “சொலிசிட்டர் பதில் சொல்லாமல் இழுக்கிறார், ஆளை மாத்து.”

உண்மை: வெறும் வேலைப்பளுவாகவும் இருக்கலாம். ஆனால் அவர் நேஷனல் கிரைம் ஏஜென்சிக்குச் சந்தேக அறிக்கை அனுப்பியிருந்தால், அதை உங்களிடம் சொல்வதே குற்றமாகலாம். வேலையைத் தொடர அனுமதி கேட்டிருந்தால், பதிலுக்கு ஏழு வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஆளை மாற்றினால் புதியவர் முதலில் இருந்து கேட்பார்.

வீடு பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எவ்வளவு, யாரிடமிருந்து, எப்போது, எந்தக் கணக்கு வழியாக. அதைப் புரோக்கரிடமும் சொலிசிட்டரிடமும் ஒரே மாதிரிக் கொடுங்கள். பிறகு சாவி கைக்கு வரும்வரை காசைக் கணக்குக்குக் கணக்கு மாற்றாதீர்கள். மாற்றுகிற ஒவ்வொரு கணக்குக்கும் இன்னொரு ஸ்டேட்மென்ட் கேட்பார்கள்.